இரண்டு வில்லும் ஒரு மானும்

1

கடைக்காரர் என் வில்லை மேசைமேல் கிடத்தி, ஒரு பஞ்சு உருண்டையைப் பிடியிலிருந்து மேல்நுனிவரை மெல்ல இழுத்தார். பிறகு கீழ்ப்பாதியிலும் அப்படியே செய்தார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்காவது இருந்தால் பஞ்சின் இழை அதில் மாட்டிக்கொள்ளுமாம். எங்கும் மாட்டவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் அவர் வில்லை என் பக்கமே தள்ளிவிட்டார்.

"வில் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாண் மாத்தறதுக்கு இதை அழுத்தி வளைக்கிற பிரஸ்ல வைக்க மாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல ஆன எதையும் வைக்கறதில்ல. உடைஞ்சா உங்க முகம் போயிடும், இல்லன்னா என் முகம் போயிடும்."

"நாண் மட்டும் மாத்தினா போதும்."

"புரியுது. புதுசு ஒண்ணு இழுத்துப் பாக்கறீங்களா?"

பக்கத்தில் நின்றிருந்த என் மகள் கயல், "பாரும்மா" என்றாள். அந்தக் கடைக்கு அவள் என்னோடு வந்ததே பெரிய விஷயம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். நான் ஆரணிக்காரி. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை. இந்த அக்டோபரோடு இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கடந்த ஆறு வருடமாக, இலையுதிர் காலத்தில் உரிமம் வாங்கிக்கொண்டு வில்லால் மான் வேட்டைக்குப் போகிறேன். இங்கே அது சட்டப்படி நடப்பது. மான்கள் பெருகிப்போய் வண்டிகளின் குறுக்கே வந்து விழுகிற ஊர் இது.

நான் வைத்திருப்பது கப்பி வைத்த வில். சாதாரண வில்லை இழுக்க இழுக்கக் கனம் கூடிக்கொண்டே போகும். இதில் பாதித் தூரம்வரை கனம் ஏறும். அதற்குப் பிறகு இரு முனையிலும் உள்ள கப்பிகள் திரும்பிக்கொள்ள, கனம் சட்டென்று இறங்கிவிடும். என் அப்பா சேவூர் சாலையில் ஓர் அரிசி ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். பெல்ட்டும் கப்பியும் பார்த்தே வளர்ந்த எனக்கு இந்த வில்லைக் கண்டதும் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

2

இதில் என்னை இழுத்துவிட்டவள் கேரல். ஆய்வகத்தில் எனக்கு எதிர் மேசை, கிட்டத்தட்ட என் வயது. ஒரு மதியம் அவள் கொண்டுவந்திருந்த மான் கறியைச் சாப்பிட்டுவிட்டு, "இதுல கொஞ்சம் மிளகு போட்டிருக்கலாம்" என்றேன். அடுத்த வாரம் இரண்டு கிலோ கறியைக் கொடுத்து, "போட்டுக் காட்டு" என்றாள். என் கணவர் சேகர் மிளகு வறுவல் செய்து கொடுத்தனுப்பினார். அதற்கடுத்த மாதம் அவளுடைய நிலத்தில், ஒரு மறைவுக் கூடாரத்துக்குள், அவளருகே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்று ஒரு மானும் வரவில்லை. மூன்று மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை, எந்தப் போனும் அடிக்கவில்லை. கல்யாணமானதிலிருந்து அப்படி மூன்று மணி நேரம் எனக்குக் கிடைத்ததில்லை. மறுவாரமே பழைய சாமான் விற்பனை ஒன்றில் அந்த வில்லை வாங்கிவிட்டேன்.

உரிமம் வாங்குவதுதான் பாடு. என் பாஸ்போர்ட்டில் வசந்தி என்ற ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தது. இங்கே முன்பெயர், பின்பெயர் என்று இரண்டு கட்டம். வசந்தியைப் பின்பெயர் கட்டத்தில் போட்டுவிட்டு, முன்பெயர் தெரியாது என்பதற்கு எஃப்.என்.யூ. என்ற மூன்று ஆங்கில எழுத்தை முன்னால் போட்டுவிட்டார்கள். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் ஆசிரியர் அதையே என் பெயராக எடுத்துக்கொண்டு "ஃபெனூ!" என்று கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பேசாமல் இருந்தேன். கேரல் இன்றுவரை என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

திருத்தலாம் என்றால் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். ஊரிலிருந்து வரவழைத்தேன். அதில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "பெண் குழந்தை" என்று இருந்தது. பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிட்டு, பிறகு வீட்டில் யாரும் போய்ச் சேர்க்கவில்லை. அம்மாதான் அறுபத்தெட்டு வயதில் பஸ் பிடித்து நகராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்த்தாள். அங்கே எழுத்தரிடம் என்ன நடந்தது என்று அவளே போனில் சொன்னாள்.

"'இத்தினி வருஷம் கழிச்சி இன்னாத்துக்குமா பேரு?'ன்னு கேட்டாரு. 'எம் பொண்ணு அமெரிக்காவுல மான் அடிக்க லைசென்ஸ் வாங்கறா சார்'ன்னேன். பேனாவ கீழ வெச்சிட்டு என்னியே பாத்துகினு இருந்தாரு."

"ஏம்மா அதையெல்லாம் சொல்ற?"

"கேட்டாரு, சொன்னேன். நீ போட்டோ கீட்டோ எடுத்துப் போடாத. இங்க யாராச்சும் பாத்தா பேஜாரு."

3

இனி சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் கடைசி. அறுவடையான சோளக் கொல்லைக்கும் ஓக் மரங்களுக்கும் நடுவே அந்தக் கூடாரம். காலை எட்டு மணி இருக்கும். ஒரு பெட்டை மான் அறுபதடி தூரத்தில் வந்து நின்றது. நான் நாணை இழுத்துவிட்டேன். அதே நேரம் அது ஓரடி நகர்ந்து மரத்துக்குப் பின்னால் போனது. தலை மட்டும் தெரிந்தது.

காத்திருக்க வேண்டும். வில்லை இழுக்க இருபது கிலோ பலம் வேண்டும். முழுவதும் இழுத்த பிறகு அந்தப் பழைய வில்லில் ஏழு கிலோ மிச்சமிருக்கும். அந்த ஏழு கிலோவும் மூன்று விரல் நுனியில். அந்த வருடம்தான் எனக்கு வலது தோள் இறுகத் தொடங்கியிருந்தது. தலைமுடி பின்னவே கை மேலே போகாது. எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. முழங்கை ஆடத் தொடங்கியது. இறக்கிவிட்டிருக்கலாம். இறக்கினால் அசைவைப் பார்த்து ஓடிவிடும் என்ற பயம்தான் தடுத்தது. மான் மரத்தைவிட்டு வெளியே வந்ததும் அம்பை விட்டுவிட்டேன்.

பழைய வில் சத்தம் போடும். 'டங்' என்று பாத்திரம் விழுந்ததுபோல். அந்தச் சத்தம் கேட்ட நொடியில் மான் பாய்வதற்காக உடம்பைத் தாழ்த்தியது. நுரையீரலுக்குப் போக வேண்டிய அம்பு முதுகின் மேல்தசையில் தைத்தது. மான் ஓடிவிட்டது.

கேரலுக்குப் போன் செய்தேன். அவள் வந்து, அரை மணி பொறுத்து, இரண்டு பேரும் குனிந்தபடியே நடந்தோம். மஞ்சள் இலைகளின்மேல் முதலில் காசளவு ரத்தம். பிறகு குண்டூசித் தலையளவு. முந்நூறு அடிக்கு அப்பால், ஓடைக்கரையில், ஒன்றுமில்லை. மறுநாளும் தேடினோம். அம்பு மட்டும் கிடைத்தது.

"மேல்தசைதான், ஃபெனூ. பெரும்பாலும் ஆறிடும்" என்றாள் கேரல். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனாலும் "பெரும்பாலும்" என்ற சொல் என்னோடு வீட்டுக்கு வந்தது.

ஆரணியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை வரிசையில் நின்று, "நெஞ்செலும்பு சேத்துப் போடுங்க பாய்" என்று வாங்கி வந்தவள் நான். மந்தாரை இலையில் சுற்றித் தருவார்கள். இலைக்கு முன்னால் என்ன நடந்தது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. என் கையால் ஒரு உயிருக்கு வலி வந்தது அதுதான் முதல்முறை. அதுவும் முடிவு தெரியாத வலி.

கயலிடம் மறைக்கவில்லை. அவள் அப்போது இரண்டாம் வருடக் கல்லூரி, ஐந்து மணி நேரக் கார்த் தூரம். கறி சாப்பிடுவதை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ அது எங்கயோ வலியோட நின்னுட்டு இருக்கா?"

"தெரியலடா."

"நீ ஏம்மா இதெல்லாம் பண்ற?"

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளுடைய போன் குறைந்தது. நான் கூப்பிட்டால் "பிஸிம்மா, அப்புறம்" என்று ஒரு வரி வரும். அப்புறம் வராது. பிள்ளைகள் விலகிப்போவது இங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான், ஆனால் என் வீட்டில் அதற்கு ஒரு தேதி இருந்தது. வில்லைக் கொண்டுபோய்க் கார் ஷெட் ஆணியில் மாட்டினேன். அந்தப் பருவம் முழுக்க அதைத் தொடவில்லை.

4

இந்த அக்டோபரில் கயல் பத்து நாள் விடுமுறைக்கு வந்தாள். சேகர் அவளிடம் சொல்லியிருக்கிறார், நான் வேட்டையை விட்டதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று. ஒரு காலையில் காபியோடு வந்து நின்றாள்.

"நீ போகணும்னு ஆசைப்படறியா?"

"ஆசை இருக்கு. பயமும் இருக்கு."

"போறதா இருந்தா ஒழுங்கா பண்ணு. இல்லன்னா விட்டுடு. நடுவுல நிக்காதம்மா."

அப்படித்தான் நாணில் இழை பிரியத் தொடங்கியிருந்த பழைய வில்லோடு கடைக்குப் போனோம்.

கடைக்குப் பின்புறம் இலக்கு வைத்த நீளமான கொட்டகை. கடைக்காரர் எனக்கேற்ற புதிய வில் ஒன்றை இருபது கிலோவுக்குத் திருப்பி வைத்துக் கொடுத்தார். என் பழைய வில் நிறுத்தினால் இடுப்புக்கு மேல் வரும். இது என் கை நீளத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். பழையதில் வட்டமான சின்னக் கப்பிகள். இதில் கோணலான, சாஸர் அகலக் கப்பிகள். பழையதை விரலால் இழுத்தேன். இதற்கு மணிக்கட்டில் பட்டை கட்டி, அதிலிருக்கும் கொக்கியை நாணில் மாட்டி இழுக்க வேண்டும். விசையைத் தொட்டால் அம்பு போகும்.

இழுத்தேன். தொடக்கத்தில் பழையதைவிட முரடாக இருந்தது. பழைய வில் மெதுவாகக் கனத்து மெதுவாக இளகும். இது எடுத்த எடுப்பிலேயே முழுக் கனம், கடைசிவரை அதே கனம், பிறகு சட்டென்று விழுந்து, சுவரில் முட்டியதுபோல் நின்றது. நின்ற இடத்தில் என் கையில் இருந்தது மூன்று கிலோ. தோள் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்படியே நில்லு" என்று கயல் போனில் நேரம் பார்த்தாள். கை ஆடத் தொடங்கும்போது ஒரு நிமிடமும் பத்து நொடியும் ஆகியிருந்தது. பழையதையும் இழுக்கச் சொன்னாள். பதினான்கு நொடி.

விட்ட அம்பின் சத்தமும் வேறு. பழையது 'டங்'. இது தலையணையைத் தட்டியதுபோல் 'தப்'. கடைக்காரர் வேகமானி வைத்துப் பார்த்தார். புதியது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகம்.

"வேகத்தை நம்பித் தூரத்துல இருந்து விடாதீங்க" என்றார். "எந்த வில்லா இருந்தாலும் சத்தம் அம்புக்கு முன்னால போயிடும். எப்பவும் போலக் கிட்டவே நில்லுங்க."

விற்கிற மனிதர் அப்படிச் சொன்னது பிடித்திருந்தது. குறைகளையும் அன்றே பார்த்துவிட்டேன். பிடியை இறுக்கிப் பிடித்தால் புதிய வில் அம்பை இடப்பக்கம் தள்ளுகிறது. பழையதில் அந்தத் தப்பு இலக்கில் தெரியவே தெரியாது. நீளமான வில் நம் கைக்கோணலைப் பொறுத்துக்கொள்ளும். புதியதில் திருகாணிகள் அதிகம், எது தளர்ந்தாலும் குறி மாறும். மணிக்கட்டுக் கொக்கியை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் அன்றைக்கு வில்லே இல்லை என்று அர்த்தம். நாணில் ஏதாவது என்றால் கடைக்குத்தான் வர வேண்டும்.

நான் இவற்றையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போது கயல் பழைய வில்லை எடுத்து விரலால் இழுத்தாள். என் தோளைப் படுத்திய வில் அவளிடம் சாதுவாக வளைந்தது. அம்பு இலக்கின் ஓரத்தில் போய்க் குத்தியது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

"அம்மா, இது செம்மயா இருக்கு. நாம என்ன பண்றோம்னு கைக்குத் தெரியுது."

"புதுசு?"

"அது தானே எல்லாம் பண்ணிக்குது. உனக்கு அதுதான் சரி. இத நான் வெச்சிக்கவா? மானுக்கு இல்ல. சும்மா இலக்குக்கு."

5

பழைய வில்லின் நாணை வீட்டிலேயே மாற்றினோம். அந்தக் காலத்து வில்லில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நாண் நேராகக் கப்பியில் கட்டப்பட்டிருக்காது. கப்பிகளில் ஓடும் இரும்புக் கம்பிகளின் நுனியில் கண்ணீர்த்துளி வடிவில் ஒரு கொக்கி இருக்கும், நாண் அதில் மாட்டியிருக்கும். அதே கொக்கியில் இன்னொரு துணைக்கயிற்றை மாட்டிக் காலால் மிதித்தால், நாண் தளர்ந்து கையோடு வரும். பிரஸ் வேண்டாம், கடை வேண்டாம்.

கேரல் துணைக்கயிறு கொடுத்தாள். கார் ஷெட்டில் நான் மிதித்தேன், கயல் பழைய நாணைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். இரண்டு பேருக்கும் கண்ணாடி, கையுறை. சேகர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "கண்ணு பத்திரம், கண்ணு பத்திரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"காலை எடும்மா, மெதுவா" என்றாள் கயல். எடுத்தேன். நாண் இழுபட்டு நின்றது. அவள் சுண்டிப் பார்த்தாள். ஒரு வருடமாகக் கேட்காமல் இருந்ததை அப்போது கேட்டாள்.

"அந்த மானை நீ நினைப்பியா?"

"தினமும் இல்ல. ஆனா நினைப்பேன்."

"நான் உன்மேல ரொம்பக் கோவமா இருந்தேன்."

"தெரியும்."

"நீ என்கிட்ட மறைச்சிருக்கலாம். மறைக்கல. அது அப்புறமாத்தான் தோணுச்சு." நாணை மறுபடியும் சுண்டினாள். "சனிக்கிழமை நானும் வரேன். சாப்பிட மாட்டேன். ஆனா வரேன்."

6

சனிக்கிழமை விடியும்போது கூடாரத்துக்குள் இரண்டு நாற்காலி. அசையக் கூடாது, பேசக் கூடாது. பிறந்ததிலிருந்து வாயாடிய பெண் என் முழங்கையை ஒட்டி இரண்டரை மணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் மூச்சு கேட்டது. ஒரு அணில் கூடாரத்தை இடித்துக்கொண்டு ஓடியபோது இரண்டு பேரும் துள்ளிவிட்டுச் சிரிப்பை அடக்கினோம்.

எட்டரைக்கு ஒரு பெட்டை மான் ஓக் மரங்களின் ஊடாக வந்தது. குட்டி இருக்கிறதா என்று பார்த்தேன், தனியாகத்தான் வந்தது. அறுபதடியில் தலையைத் தாழ்த்தியது. நான் இழுத்தேன். அது தலையைத் தூக்கி நேராக எங்களைப் பார்த்தது.

நேர் எதிரே நிற்கும் மானை அடிக்கக் கூடாது. பக்கவாட்டில் திரும்ப வேண்டும். அது திரும்பவில்லை. காது இரண்டும் எங்கள் பக்கமே இருந்தன. போன வருடம் என்றால் இந்நேரம் என் கை ஆடியிருக்கும். மூன்று கிலோ, அவ்வளவுதான். நின்றேன். குறி பார்க்கும் முள் அதன் மார்பைவிட்டு நகரவேயில்லை. கயல் மூச்சை நிறுத்திவிட்டிருந்தாள். முப்பது எண்ணினேன். நாற்பது எண்ணினேன். இது திரும்பாவிட்டால் இறக்கிவிடுவேன், ஓடினால் ஓடட்டும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு வந்ததும் பயம் போய்விட்டது.

மான் வாலை ஒருமுறை ஆட்டிவிட்டு, மெல்லப் பக்கவாட்டில் திரும்பி மறுபடியும் குனிந்தது. விசையைத் தொட்டேன்.

'தப்.' அம்பு போனதே தெரியவில்லை. மான் பாய்ந்து, கொல்லையின் குறுக்கே ஐம்பது அறுபது அடி ஓடி, கால் மடங்கி விழுந்தது. பிறகு அசையவில்லை. எல்லாம் சேர்த்துப் பத்து நொடிக்குள்.

அரை மணி நேரம் காத்திருப்பது முறை. காத்திருந்தோம். கயல் அழுதுகொண்டிருந்தாள். எனக்கும் கண் நிறைந்தது. ஆனால் மனம் தெளிவாக இருந்தது.

"வலிச்சிருக்குமாம்மா?"

"வலிச்சிருக்கும். ரொம்ப நேரம் இல்ல."

தலையாட்டினாள். நாங்கள் எழுந்து போய் மானின் அருகே மண்டியிட்டபோது அவள் கையுறையைக் கழற்றி அதன் கழுத்தில் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருக்கிறது என்றாள். கேரல் வந்தாள். வயிற்றைத் திறந்து சுத்தம் செய்ய நான் கத்தியை எடுத்தபோது கயல் திரும்பிக்கொள்ளவில்லை, மானின் காலைப் பிடித்துக்கொண்டாள். நுரையீரல் இரண்டிலும் அம்பு நேராகப் போயிருந்தது. கேரல் அதைக் காட்டி, "இதுக்கு மேல சுத்தமா யாரும் செய்ய முடியாது" என்றாள். மானை வண்டிவரை மூன்று பேரும் இழுத்தோம். பாதிவழியில் என் தோளைப் பார்த்துக் கயல் கயிற்றை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

அடித்த மானைப் பதிவு செய்யும் இணையதளத்தில் உரிமம் பெற்றவர் பெயர் என்ற கட்டம் வந்தது. கயல்தான் தட்டினாள். வசந்தி சேகர் என்று, திருத்தி வாங்கிய முழுப்பெயர், சரியாக.

7

அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன். சமையலறை முழுக்கத் தட்டுகள். சேகர் கறியைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாடி இது, கல்யாண வூடு மாரி கீது! இத்தினி கறிய இன்னா பண்ணப்போற?"

"ஃப்ரீசர்ல வைப்போம்மா."

"ஐஸ்ல வெச்சா ருசி போயிடும்டி. உப்புக் கண்டம் போடு. மெலிசா நறுக்கி, மஞ்சளும் உப்பும் மொளகாத்தூளும் பெரட்டி, கோத்து வெயில்ல தொங்கவுடு. ஜல்தி பண்ணு, பேசிகினே நிக்காத."

"இங்க வெயில் எங்கம்மா இருக்கு?"

"வெயிலே இல்லாத ஊருல இருபது வருஷமா இன்னாதான் பண்ணிகினு இருக்கீங்க?"

கயல் விழுந்து விழுந்து சிரித்தாள். வெயிலுக்குப் பதில் ஓவன் அடுப்பு. குறைந்த சூட்டில், கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து, நாள் முழுக்கக் காயவைத்தோம். சேகர் நறுக்கினார், நான் பிரட்டினேன், கறி சாப்பிடாத கயல் பெரிய ஊசியில் நூல் கோத்துத் துண்டுகளை வரிசையாக மாட்டினாள். வீடு முழுக்க மஞ்சளும் மிளகாயும் மணத்தது. இந்த வருடத்தில் அவ்வளவு நிறைவான நாள் எனக்கு வேறு இருந்ததாக நினைவில்லை.

கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் கயல் ஒரு பெட்டி கேட்டாள். உடன் தங்கியிருக்கும் பெண்ணுக்குக் காய்ந்த கறி ரொம்பப் பிடிக்குமாம். எடுத்து வைத்தேன். எங்களுக்கான பெட்டிகளையும் அவளே மூடி, வெள்ளைத் தாள் ஒட்டி, மார்க்கரால் தமிழில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை மூன்றாம் நிலையோடு விட்டவள். எழுத்து சாய்ந்து சாய்ந்து போனது. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி முடித்துப் பெருமையாகக் காட்டினாள்.

'உப்பு கண்டேன்' என்று இருந்தது.

திருத்தலாம் என்று மார்க்கரைத் தேடினேன். அதற்குள் அவள் பெட்டிகளை ஃப்ரீசருக்குள் அடுக்கிவிட்டு, பழைய வில்லைக் காரில் ஏற்றப் போய்விட்டாள்.